சித்தியின் கேசட்டில் என் கப்பல்

எங்கள் குடும்பத்தில் பட்டாளத்துக்குப் போனவர் உண்டு, சாமியார் ஆனவர் உண்டு, பிரான்ஸுக்குப் போய் அங்கே தபால்காரர் ஆனவர்கூட உண்டு. ஆனால் கல்யாணம், புதுநன்மை, துக்கம் எதுவானாலும் பந்தியில் முதலில் பேசப்படுகிற ஆள் நான்தான். பிரான்ஸுக்குப் போகவிருந்த ஒரு மனிதரை ஒற்றை விரலால் தடுத்து நிறுத்தியவன் என்ற புகழ் பதினொரு வயதிலேயே எனக்கு வந்து சேர்ந்துவிட்டது. புதுச் சொந்தக்காரர்கள் சிலர் அந்த விரலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். சாதாரண விரல்தான். நகம் கொஞ்சம் கடிபட்டிருக்கும்.

தடுத்து நிறுத்தப்பட்டவர் என் சித்தப்பா, அப்பாவின் தம்பி. கோட்டுச்சேரியில் பஸ் நிற்கும் இடத்திலிருந்து நாலாவது வீடு எங்களுடையது. அதன் முன்னறைதான் சித்தப்பாவின் கடை. கடையில் அவர் என்ன விற்றார் என்று அந்த நாளில் யாருக்கும் புரிய வைக்க முடியவில்லை. டிவியில் மாட்டி விளையாடுகிற பெட்டிகள், அப்புறம் செங்கல் அளவுக் கம்ப்யூட்டர்கள். ஒன்றுகூடப் புதுசு கிடையாது. எல்லாம் பிரான்ஸில் யாரோ விளையாடி அலுத்து மூலையில் போட்டவை. நான் சொல்வது எண்பத்தைந்தோ எண்பத்தாறோ. காரைக்கால் சுற்று வட்டாரத்தில் கம்ப்யூட்டர் என்ற சாமானைப் படத்தில் பார்த்தவர்களே கம்மி. அங்கே ஒருவர் பழைய கம்ப்யூட்டர் விற்கக் கடை போட்டிருந்தார்.

"முதல் தாரமே வராத ஊர்ல ரெண்டாந்தாரத்துக்குப் பொண்ணு பாக்குறான்" என்பார் அப்பா.

"பழைய சாமான்னு சொல்லாதீங்கண்ணே. இது முன்னாடியே வந்த சாமான்" என்பார் சித்தப்பா.

இந்த வியாபாரம் அவருக்குக் கிடைத்தது ஒரு வரிசையில். புதுச்சேரியில் பிரெஞ்சுத் தூதரகத்து வாசலில் நிற்கும் வரிசை. சித்தியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர், அதனால் சித்தி பிறப்பிலேயே பிரெஞ்சுக் குடியுரிமைக்காரி. எங்கள் தாத்தாவுக்கும், பிரெஞ்சுக்காரர்கள் ஊரைக் கைமாற்றிவிட்டுப் போன நாளில், ஒரு கையெழுத்துப் போட்டால் கிடைத்திருக்கும். கையெழுத்துப் போட வேண்டிய அன்று வயலில் நடவு இருந்தது, போகவில்லை. அவகாசம் ஆறு மாசம் இருந்ததே, ஆறு மாசமும் நடவா என்று கேட்டால் தாத்தாவுக்குக் கோபம் வரும். இப்படியாக நாங்கள் இந்தியர்களாக இருந்துவிட்டோம்.

சித்தி மூன்று வயதுப் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு பிரான்ஸில் இருந்த தன் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. முதலில் சித்தி போய் ஒரு வேலையில் உட்காருவது, பிறகு ஒரு பேப்பரில் கையெழுத்துப் போட்டு அனுப்பிச் சித்தப்பாவைக் கூப்பிட்டுக்கொள்வது என்று ஏற்பாடு. அந்தப் பேப்பர் வந்துவிட்டதா என்று கேட்க சித்தப்பா மாதாமாதம் முதல் திங்கட்கிழமை காலை பஸ் பிடித்துப் புதுச்சேரி போவார். மனைவி அனுப்ப வேண்டியது இன்னும் வரவில்லையே என்று தூதரகத்தில் மரியாதையாகத்தான் சொல்வார்கள். வரிசையில் யாரோ சனி பிடித்திருக்கும் என்றார்கள். அதைக் கேட்டு, ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரரான சித்தப்பா, வீட்டுக்குத் தெரியாமல் திருநள்ளாறு போய் எள் விளக்கு ஏற்றிவிட்டும் வந்தார். சட்டையில் எண்ணெய் பட்டு, அம்மா கண்டுபிடித்துவிட்டாள்.

வரிசையில் முன்னும் பின்னும் நிற்பவர்கள் பிரான்ஸிலிருந்து வந்த பென்ஷன்காரர்கள், அவர்கள் பிள்ளைகள். பேரனுக்கு என்று தூக்கிவந்த விளையாட்டுப் பெட்டி இங்கத்து டிவியில் தெரியவில்லை என்று புலம்புவார்கள். அந்த ஊர் டிவி வேறு ஜாதி, நம் ஊர் டிவி வேறு ஜாதி. மாட்டினால் போட்டோ நெகட்டிவ் மாதிரி ஏதோ உதறும், சத்தமே வராது. சித்தப்பா அவற்றையெல்லாம் பழைய இரும்பு விலைக்கு வாங்கிக்கொண்டு வந்தார். பிறகு ஒரு கிழவர் கப்பலில் ஏற்றிவந்திருந்த பிரெஞ்சு டிவியையும் வாங்கினார். அதில் மெட்ராஸும் தெரியாது, ஊரே மூங்கில் நட்டு ஆன்டெனா கட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இலங்கை டிவியும் தெரியாது. சித்தப்பாவின் பெட்டிகள் மட்டும் கலர் கலராகத் தெரியும்.

ஆகையால் அவரிடம் யார் எதை வாங்கிப் போனாலும் ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடும். கோபமாகக் கொண்டுவந்து வைப்பார்கள்.

"என்னங்க, இதுல ஒரு மண்ணும் தெரியலங்க."

"பெட்டி நல்ல பெட்டிங்க. நீங்க டிவியை மாத்துங்க."

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பெட்டியைத் துடைத்து, போன இடத்தில் சௌகரியமாக இருந்ததா என்று கேட்பதுபோல் ஒரு பார்வை பார்த்து, அலமாரியில் அதே இடத்தில் வைப்பார். உண்மையில் எதையும் விற்க அவருக்கு மனசு கிடையாது. விலை கேட்டால், "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்பார். கடை பத்து மணிக்குத் திறக்கும் என்று வாசலில் எழுதியிருந்தது. அது பிரான்ஸ் நேரம். கடைக் கடிகாரத்தையே அந்த நேரத்துக்குத்தான் வைத்திருந்தார். வெயில் காலத்தில் மதியம் ஒன்றரைக்கும் குளிர்காலத்தில் இரண்டரைக்கும் கதவு திறக்கும். மலிவுப் பிராந்திக்காகப் பூவம் எல்லையைத் தாண்டி வருகிற வெளியூர்க்காரர்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது எட்டிப்பார்த்து, டிவியில் இரண்டு வெள்ளைக் கோடுகளுக்கு நடுவே ஒரு புள்ளி போய்ப் போய் வருவதைப் பார்த்துவிட்டு, இன்று கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று முடிவு செய்துகொண்டு போவார்கள்.

எனக்கு அந்த அறை சொர்க்கம். அங்கே ரப்பர் பொத்தான் வைத்த ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர் இருந்தது. அதற்கு விளையாட்டு கேசட்டில்தான் இருக்கும், பாட்டுக் கேசட் மாதிரியே. டேப்ரெக்கார்டரையும் கம்ப்யூட்டரையும் ஒரு ஒயரால் இணைத்து ஓடவிட்டால், கேசட்டில் இருக்கும் கீச்சுச் சத்தத்தைக் கம்ப்யூட்டர் கேட்டுப் புரிந்துகொள்ளும். ஒயர் மாட்டியிருக்கும்போது நமக்கு ஒன்றும் கேட்காது, அது மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். திரையின் ஓரத்தில் சிவப்பும் நீலமுமாகக் கோடுகள் துடிக்கும். விளையாட்டு அகப்பட்டால் அதன் பெயர் திரையில் வரும்.

கேசட்டுகளுக்குச் சித்தப்பா ஒரு சட்டம் வைத்திருந்தார். கேசட்டின் முதுகில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் நாக்கு இருக்கும். அதை உடைத்துவிட்டால் மேலே எதையும் பதிய முடியாது. விளையாட்டு இருக்கும் கேசட் ஒவ்வொன்றுக்கும் அவர் நாக்கை உடைத்துவிடுவார். நாக்கோடு இருப்பது காலிக் கேசட், யாரும் எடுத்துக்கொள்ளலாம். அப்படியும் சந்தேகம் வந்தால் கம்ப்யூட்டரைக் கேட்கச் சொல்ல வேண்டும்.

"நம்ம காது பொய் சொல்லும்டா, அது சொல்லாது" என்பார்.

அந்த வருஷம் ஜூலையில் சித்தியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பேப்பர் விஷயமாகத் தனக்கு எழுத வரவில்லை என்றும், வரலாமா வேண்டாமா என்பதை விவரமாகக் கேசட்டில் பேசி ஊருக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடுகிறேன் என்றும் எழுதியிருந்தாள். அப்போது அப்படி ஒரு வழக்கம். டெலிபோன் கட்டுப்படி ஆகாது, கடிதத்தில் அழ முடியாது, அதனால் வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கேசட்டில் பேசி ஆள் மூலம் அனுப்புவார்கள். கேசட் வரப்போவது அப்பாவுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும், சித்தப்பாவுக்குத் தெரியும். எனக்குச் சொல்லவில்லை. என்னிடம் சொன்னால் மத்தியானத்துக்குள் கோட்டுச்சேரி முழுக்கத் தெரிந்துவிடும் என்ற பயம். நியாயமான பயம்தான்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் வேறு ஒரு ஆபத்து. புதுச்சேரிக்காரர் ஒருவர் விளையாட்டு ஹால் திறக்கப்போகிறார், அந்த டிவியோடு மொத்தக் கடையையும் கேட்டிருக்கிறார் என்பது. பிரான்ஸ் டிக்கெட்டுக்கு அது ஆகும் என்று அப்பா கணக்குப் போட்டார். சித்தப்பா அந்த ஆளிடம், "ஒரு பதில் வரணுங்க. வந்துட்டா மொத்தமாத் தூக்கிட்டுப் போங்க" என்றதை நான் கேட்டேன்.

பதில் என்றால் கடிதம் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து இரவு ஜெபத்தில் மாதாவிடம் அந்தக் கடிதத்தைக் கடலில் போடும்படி கேட்டு வந்தேன். மாதா என் ஜெபத்தைக் கேட்டு, நிறைவேற்றும் வேலையை மட்டும் என்னிடமே ஒப்படைத்துவிட்டாள்.

அந்தச் சமயம் நான் ஒரு பெரிய வேலையில் இருந்தேன். சித்தப்பாவின் பழைய பிரெஞ்சுப் பத்திரிகை ஒன்றில் ஒரு விளையாட்டு நான்கு பக்கத்துக்கு அச்சாகியிருந்தது. அதை எழுத்து எழுத்தாகக் கம்ப்யூட்டரில் அடித்தால் விளையாட்டு வரும். எனக்குப் பிரெஞ்சும் தெரியாது, கம்ப்யூட்டரும் தெரியாது. கோழி அரிசி பொறுக்குவதுபோல் ஒரு விரலால் குத்திக் குத்தி அடிப்பேன். மூன்றாம் பக்கம் போகும்போது கரண்டு போகும். அடித்தது எல்லாம் போய்விடும். மறுபடி முதல் எழுத்திலிருந்து. இப்படி நான்கு தடவை. ஆகஸ்ட் முதல் திங்கட்கிழமை, சித்தப்பா புதுச்சேரி போயிருந்த அன்று, எனக்குக் காய்ச்சல் என்று பெயர். பள்ளிக்கூடம் போகவில்லை. அம்மா கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனாள். நான் நேரே கடைக்குப் போய் உட்கார்ந்தேன். மத்தியானம் நான்கு பக்கமும் முடிந்தது. பொத்தானை அமுக்கினேன். கறுப்புத் திரையில் ஒரு கப்பல் வந்தது. கப்பல் என்றால் ஆங்கில ஓ எழுத்து. பாறைகள் என்றால் கூட்டல் குறிகள். ஓ கூட்டல் குறிகளுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தது. நான் அழுதேவிட்டேன்.

இனி கரண்டு போவதற்குள் இதைக் கேசட்டில் ஏற்றியாக வேண்டும். காலிக் கேசட் ஒன்றுகூட இல்லை. தேடிக்கொண்டிருக்கும்போது வாசலில் ஒரு தொப்பியும் அதற்குக் கீழே ஒரு கிழவரும் வந்து நின்றார்கள். முதல் நாள்தான் பிரான்ஸிலிருந்து வந்திறங்கிய பென்ஷன்காரர்.

"உன் சித்தப்பா இல்லியா தம்பி?"

"புதுச்சேரி போயிருக்காங்க."

"சித்தி குடுத்து விட்டுச்சு. பத்திரமா அவர்ட்ட குடுத்துரு. நான் காரைக்கால் பஸ்ஸைப் புடிக்கணும்."

அவர் கொடுத்துவிட்டுப் போன பையில் இரண்டு சோப்பு, ஒரு சாக்லேட் கட்டி, ஒரு கேசட். சித்தி முன்பும் சித்தப்பாவுக்குக் காலிக் கேசட் அனுப்பியிருக்கிறாள். இதன்மேல் எதுவும் எழுதியிருக்கவில்லை. முதுகைத் திருப்பிப் பார்த்தேன். நாக்கு இரண்டும் உடையாமல் இருந்தன. அப்போதும் நான் அவசரப்படவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன். கடைச் சட்டப்படி கம்ப்யூட்டரைக் கேட்கச் சொன்னேன். ஒரு கம்ப்யூட்டரில் என் கப்பல் நின்றுகொண்டிருந்ததால், பக்கத்தில் இருந்த இன்னொரு கம்ப்யூட்டரை டிவியில் மாட்டி, கேசட்டைப் போட்டு ஒயரை இணைத்தேன்.

அரைமணி நேரம் ஓடியது. அறையில் சத்தம் இல்லை. நான் சாக்லேட்டைக் கரைத்துக்கொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓரத்தில் கோடுகள் துடித்தன. சில சமயம் நிறையத் துடிக்கும், சில சமயம் நின்று யோசித்துவிட்டு மெல்ல ஒன்றிரண்டு. வழக்கமான விளையாட்டுக் கேசட்டில் அவை ஒரே சீராக ஓடும், இப்படித் தயங்காது. ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பக்கம் முடிந்தது. பெயர் எதுவும் வரவில்லை. சித்தி கடல் தாண்டி அனுப்பிய பேச்சை அரைமணி நேரம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இதில் ஒன்றும் இல்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது.

என் கப்பலை ஏற்றினேன். ஒரு தடவை ஏற்ற மூன்று நிமிஷம் ஆகும். சில சமயம் ஒழுங்காகப் பதியாது, அதனால் இரண்டு தடவை ஏற்றுவது வழக்கம். நான் ஏழ்மையில் வளர்ந்தவன் இல்லை, ஆனால் நான்கு தடவை கரண்டில் பறிகொடுத்தவன். அந்தப் பக்கம் முழுக்க ஏற்றினேன். அப்படியும் மனசு ஆறாமல் திருப்பிப் போட்டு மறுபக்கமும் ஏற்றிக்கொண்டு போனேன். கடைசியில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போது கரண்டு போய்விட்டது. போனால் போகட்டும் என்று சிரித்தேன். கரண்டைப் பார்த்து நான் சிரித்தது அதுவே முதல் தடவை.

சாயங்காலம் ஐந்து மணிக்குச் சித்தப்பா பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். கையில் வழக்கம்போல் யாரிடமோ வாங்கிய பெட்டி. கரண்டு வந்திருந்தது. நான் சோப்பை நீட்டினேன்.

"யார் வந்தா?"

"தொப்பித் தாத்தா. சித்தி குடுத்து விட்டாங்களாம்."

"கேசட்டு ஒண்ணு இருந்திருக்குமே."

"அதுலதான் சித்தப்பா என் கப்பல் இருக்கு. பத்தொம்பது கப்பல்."

அவர் கேசட்டை எடுத்தார். ஒயரைப் பிடுங்கிவிட்டு டேப்ரெக்கார்டரில் போட்டார். கீச்சென்று அறை முழுக்கச் சத்தம். நிறுத்துவார் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டு, ஒரு பக்கம் முழுக்க அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டார். ஒரு கப்பலுக்கும் அடுத்த கப்பலுக்கும் நடுவே ஒரு நொடி சத்தம் அடங்கும். அப்போதெல்லாம் காதைக் கிட்டே கொண்டுபோவார். என் வேலையை இவ்வளவு அக்கறையாக யாருமே கேட்டது இல்லை. நான் பக்கத்தில் நின்று, "இது மூணாவது, இது நாலாவது" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

திருப்பிப் போட்டார். கப்பல், கப்பல், கப்பல். பாதிக் கப்பலில் கீச்சு அறுந்தது. பிறகு சித்தியின் குரல் வந்தது.

"...ன்னுதான் நானும் நெனச்சேன். அதனால அந்த மிஷினையெல்லாம் யாருக்கும் வித்துறாதீங்க. அதானே உங்க பொழப்பு. அதை விட்டுட்டு இங்க வந்து நீங்க என்ன பண்ணுவீங்க. பாப்பாவுக்கு எதும் அனுப்ப வேணாம், எல்லாம் இருக்கு. உங்களுக்குக் கோவம் இல்லியே?"

கொஞ்ச நேரம் டேப் மட்டும் ஓடியது, யாரோ பதில் சொல்வதற்கு இடம் விட்டதுபோல. எங்கோ ஒரு கதவு சாத்தும் சத்தம்.

"சரி, வைக்கிறேன்" என்றாள் சித்தி.

அப்போதுதான் நான் எதை அழித்திருக்கிறேன் என்று எனக்கு உறைத்தது. ஓடிவிடலாமா என்று வாசலைப் பார்த்தேன். ஆனால் ஒரு நிமிஷம்தான். சித்தி சொன்னதை மறுபடி நினைத்துப் பார்த்தேன், சந்தோஷம் பொங்கிவிட்டது.

"சித்தப்பா, மிஷினை விக்க வேணாம்னு சித்தியே சொல்லிட்டாங்க."

"ஆமாண்டா" என்றார் சித்தப்பா.

"அந்தப் புதுச்சேரி ஆள்ட்ட சொல்லிடலாம்ல?"

"சொல்லிடலாம்."

எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். துண்டால் ரொம்ப நேரம் துடைத்தார். பிறகு சாதாரணமாக, "உன் கப்பலை அந்தக் கடைசித் துண்டுலயும் ஏத்திரு. எடம் வீணாத்தானே கெடக்கு" என்றார். கப்பலை மறுபடி கம்ப்யூட்டருக்குள் கொண்டுவந்து, சித்தியின் குரல் தொடங்கிய இடத்துக்கு டேப்பைத் திருப்பி அவரே வைத்துக் கொடுத்தார். நான் பொத்தானை அமுக்கினேன். ஆக, இருபதாவது கப்பலும் போயிற்று. கேசட்டை எடுத்து முதுகில் இருந்த நாக்கு இரண்டையும் நகத்தால் உடைத்து என்னிடம் கொடுத்தார். "வச்சுக்க. இது உனக்கு." சொந்தமாக ஒரு முழுக் கேசட். திட்டுக்கூட இல்லை. இவரைப்போல் மனுஷன் உண்டா என்று நினைத்தேன்.

அப்பா வேலை விட்டு வரும்போதே காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் தொப்பித் தாத்தாவைப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"கேசட்டு வந்துச்சாமே. என்ன சொல்லுது அந்தப் புள்ள? வரச் சொல்லுதா?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். "அண்ணே, பையன் தெரியாம அது மேல ஏத்திட்டான். அழிஞ்சு போச்சு."

"எது?"

"பூரா."

"இல்லப்பா, கடைசில கொஞ்சம்..." என்று ஆரம்பித்தேன்.

"பூராவும்ணே" என்றார் சித்தப்பா. "நான் ரெண்டு பக்கமும் கேட்டுட்டேன்." சொல்லும்போது அவர் கண் என் சட்டைப் பொத்தானில் இருந்தது.

எனக்கு மூளை வேலை செய்தது. அந்த வயதில் என் மூளை தப்பான திசையில் மிக வேகமாக வேலை செய்யும். மிஷின்களை விற்க வேண்டாம் என்று சித்தி சொன்னது தெரிந்தால் அப்பா கோபத்தில் அவற்றைத் தெருவில் தூக்கிப் போடுவார். அதனால்தான் சித்தப்பா மறைக்கிறார். இது எனக்கும் அவருக்கும் நடுவில் ரகசியம். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்பா அடிப்பதற்கு முன்னால் கைக்கடிகாரத்தைக் கழற்றி ஜன்னலில் வைப்பார். வைத்தார். அதன் பிறகு நடந்ததை விவரிக்க என் சுயமரியாதை இடம் கொடுக்கவில்லை. அம்மா நடுவில் வந்து, "அடிச்சா அந்தப் பேச்சு திரும்பி வந்துருமா? தம்பி, நீங்க திரும்ப ஒரு தடவ பேசி அனுப்பச் சொல்லி எழுதுங்க" என்று சித்தப்பாவிடம் சொன்னாள்.

"எழுதுறேன் அண்ணி" என்றார்.

எழுதினார். தபால்பெட்டியில் போட என்னிடம்தான் கொடுத்தார். வெளிநாட்டுக் கடிதத்தாள், ஓரம் சரியாக ஒட்டியிருக்கவில்லை. யோக்கியனாக இருந்தால் நான் படித்திருக்க மாட்டேன். ஒரே வரி. நீ சொன்னதெல்லாம் கேட்டேன், கோபம் இல்லை, பாப்பாவைப் பார்த்துக்கொள். என்னைச் சித்தியிடம் காட்டிக் கொடுக்காமல் எனக்காகப் பொய் எழுதியிருக்கிறார் என்று நெகிழ்ந்துபோய், எச்சில் தொட்டு நன்றாக ஒட்டிப் பெட்டியில் போட்டேன்.

அந்த மாதத்திலிருந்து சித்தப்பா புதுச்சேரி வரிசைக்குப் போகவில்லை. சித்தியிடமிருந்து வேறு கேசட் வரவில்லை. இரண்டு வருஷம் கிறிஸ்துமஸுக்கு அட்டை வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. வீட்டில் ஒரு கதை தானாகக் கெட்டிப்பட்டது. சித்தி கேசட்டில் பேப்பர் விவரம், தேதி எல்லாம் சொல்லியிருக்கிறாள், இந்தப் பாவி அழித்துவிட்டான், தேதி தவறிப்போயிற்று, அந்தப் பெண்ணுக்கும் வெறுத்துவிட்டது. ஏன் போகவில்லை என்று யாராவது சித்தப்பாவைக் கேட்டால் அவர் சிரித்துக்கொண்டே என்னைக் காட்டுவார். "அண்ணன் மவன் கப்பல் விட்டான், நான் கரையில நின்னுட்டேன்." கேட்டவர் என்னை முறைத்துவிட்டு அவரைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்.

சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் புதுப் பெட்டிகளைக் கொண்டுவந்தார்கள், அவை நம் ஊர் டிவியில் பளிச்சென்று தெரிந்தன. சித்தப்பாவின் சாமான்களை உப்புக்காற்று ஒவ்வொன்றாகத் தின்றது. பிரெஞ்சு டிவி ஒருநாள் புகைந்து நின்றது. அதற்குப் பிறகும் பதினொரு வருஷம் அவர் அந்த அறையில், எதிலும் தெரியாத பெட்டிகளைத் தினமும் துடைத்துக்கொண்டு இருந்தார். என் கல்யாணத்துக்கு முந்தின வருஷம் இறந்துபோனார். பிரான்ஸுக்குச் சொல்லி அனுப்பினோம். யாரும் வரவில்லை.

கல்யாணப் பந்தியிலும் என் விரல் கதை வழக்கம்போல் பரிமாறப்பட்டது. என் மனைவிக்கு அது புதுசு. மறுநாள் அவளிடம், யாரிடமும் சொல்லாத அந்தக் கடைசித் துண்டைச் சொன்னேன். என் தியாகத்தைப் பாராட்டுவாள் என்ற எண்ணம்தான். அவள் பூக்கட்டிக்கொண்டிருந்தாள். நிமிரக்கூட இல்லை.

"மிஷினை விக்காதீங்கன்னா, வராதீங்கன்னுதானே அர்த்தம்" என்றாள்.

அவளுக்கு அது புரிய எடுத்துக்கொண்ட நேரம், ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் நடுவே. அரைமணி நேரம் கேட்டுவிட்டு இதில் ஒன்றும் இல்லை என்ற அந்தக் கம்ப்யூட்டரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அதற்காவது பேச்சுப் புரிகிற காது இல்லை, ஒரு ஒயர்தான் இருந்தது. என் காதுக்கு எல்லாமே கேட்டது.

அன்றைக்கு அடி வாங்கிய பிறகு நான் கிணற்றடியில் உட்கார்ந்திருந்தேன். சித்தப்பா வந்து பக்கத்தில் குந்தினார். ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்திருந்தார். என் முதுகைப் பார்த்தார், தொடவில்லை.

"ரொம்ப வலிக்குதா?"

"இல்ல."

"உன்னாலதான் நான் போவலன்னு இனிமே எல்லாரும் சொல்லுவாங்க. நானும் சொல்லுவேன்." நிறுத்தி, தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "தாங்கிக்குவியாடா?"

மிஷின்களைக் காப்பாற்ற எனக்கும் அவருக்கும் நடுவே நடக்கும் சதியில் இது என் பங்கு என்று நினைத்தேன். இவ்வளவு பெரிய மனுஷர் என்னிடம் கெஞ்சுகிற குரலில் கேட்கிறாரே என்று பெருமையாகக்கூட இருந்தது.

"எத்தனை நாளைக்கு?" என்றேன்.

சித்தப்பா டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனார். நான் தண்ணீரைக் குடித்தேன். ஒரு வாரம் இருக்கும், மிஞ்சினால் பரீட்சை லீவு வரைக்கும் என்று கணக்குப் போட்டேன்.